முகம் எரிகிறதா? எங்கே, எப்போது என்று முதலில் பாருங்கள்

மருந்துக்கடைக் கவுன்ட்டரில் நின்று பதினெட்டு வருஷம் ஆகிறது. காய்ச்சல் மாத்திரைக்கு அடுத்தபடி என் காதில் அதிகம் விழுவது, "அக்கா, முகத்துக்கு ஏதாவது ஒரு க்ரீம் குடுங்க" என்பதுதான். என்ன செய்கிறது என்று கேட்டால் எரியுது, அரிக்குது, இழுக்குது, சிவக்குது, பொரிப்பொரியா இருக்கு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். காரணம் ஒவ்வொன்றுக்கும் வேறு. கேட்பது மட்டும் எல்லோரும் அதே 'ஒரு க்ரீம்'.

நான் டாக்டர் இல்லை. வருகிறவர்களிடம் என்ன கேட்பேன், பதிலைப் பொறுத்து என்ன சொல்லி அனுப்புவேன் என்பதை இங்கே எழுதுகிறேன். உங்கள் தொந்தரவு எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போகலாம். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் தாண்டிவிட வேண்டாம்.

இவை இருந்தால் க்ரீம் தேட வேண்டாம்

உதடோ நாக்கோ வீங்கி மூச்சு வாங்குகிறது என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். வலிப்பு மாத்திரை, யூரிக் ஆசிட் மாத்திரை, சல்ஃபா மாத்திரை மாதிரி எதையாவது புதிதாக ஆரம்பித்த சில நாளிலோ சில வாரத்திலோ முகம் சிவந்து, வாயிலும் கண்ணிலும் புண் வந்து, தோல் உரிந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு பக்கக் கன்னம் மட்டும் கொதிக்கிறது, தொட்டால் வலிக்கிறது, கூடவே காய்ச்சல் என்றால் கிருமித் தொற்றாக இருக்கலாம். தடவுகிற மருந்துக்கு அது அடங்காது. மூக்குத் தண்டையும் இரண்டு கன்னங்களையும் சேர்த்துப் பட்டாம்பூச்சி விரித்த மாதிரி சிவந்து, மூட்டு வலி, வாய்ப்புண், தாங்காத களைப்பு என்று கூட வந்தால் லூபஸா (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்) என்று ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும்.

இவர்களுக்கு நான் எதையும் எடுத்துத் தருவதில்லை. திட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போனவர்களும் உண்டு.

எல்லோருக்கும் முதல் வேலை: நிறுத்துவது

முகத்தோலின் மேல் ஒரு சுவர் இருக்கிறது. செத்த செல்கள்தாம் செங்கல். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த கொழுப்பு நடுவே சாந்து. சாந்து பெயர்ந்தால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியேறும், வெளியே இருக்கிறது உள்ளே இறங்கும். நேற்றுவரை ஒன்றும் செய்யாத க்ரீம் இன்றைக்கு எரிவது இதனால்தான். சொந்த வியர்வையே சுள்ளென்று கடிக்கும்.

இந்தச் சுவரை உடம்பே கட்டிக்கொள்ளும். மேல்தோல் ஒரு சுற்றுப் புதுப்பிக்க ஏறக்குறைய 4 வாரம். வயது ஏற ஏற இன்னும் கொஞ்சம் கூட. பூசப்பூச ஈரச் சாந்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தால் எந்தக் கொத்தனாரால் வேலையை முடிக்க முடியும்?

அதனால் 2 வாரத்துக்குத் தண்ணீர், ஒரு மாய்ஸ்சரைசர், ஒரு குடை. அவ்வளவுதான். ஸ்க்ரப், டோனர், சீரம், ஷீட் மாஸ்க், பன்னீர், கடலை மாவு, மஞ்சள் எல்லாம் அலமாரிக்குள் போகட்டும். காலையில் வெறும் தண்ணீர் போதும். ராத்திரி மட்டும் நுரை குறைவான மென்மையான க்ளென்சர். ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். வெயிலுக்குக் குடையோ துப்பட்டாவோ. சன்ஸ்க்ரீன் இல்லாமல் முடியாது என்றால் ஜிங்க் ஆக்சைடு உள்ளது, எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல். முகம் கொஞ்சம் வெள்ளையாகத் தெரியும். பரவாயில்லை.

மாய்ஸ்சரைசர் வாங்கும்போது விலையைப் பார்க்காதீர்கள், அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். 'ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ' என்றால் வாசனைப் பொருள் சேர்க்கவில்லை என்று அர்த்தம். 'அன்சென்டட்' வேறு, மூல வாடையை மறைக்கவே அதில் ஏதாவது போட்டிருக்கலாம். கிளிசரின், செராமைடு, பேன்தெனால் இருந்தால் நல்லது. யூரியாவோ லாக்டிக் ஆசிடோ உள்ளதை இப்போது தொட வேண்டாம், புண்பட்ட தோலில் எரியும். எதைப் போட்டாலும் எரிகிறது என்கிறவர்களுக்கு நான் காட்டுவது சாதாரண வாஸ்லின்தான். தண்ணீரும் கிடையாது, வாசனை போடாததாகப் பார்த்து எடுத்தால் எரிவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. ஈரத்தை அது தடுத்து வைக்கிற மாதிரி எந்த விலை உயர்ந்த டப்பாவும் தடுப்பதில்லை. பரு வருகிற முகமென்றால் எரிகிற இடத்தில் மட்டும் மெல்லிசாக.

எரிச்சல் தாங்கவில்லையா? பழைய பருத்தி வேட்டித் துணியை மண்பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து 5 முதல் 10 நிமிஷம் போடுங்கள். ஐஸ் கட்டியை நேராகத் தேய்க்காதீர்கள்.

இந்த 'எல்லாவற்றையும் நிறுத்து'க்கு ஒரு முக்கியமான விலக்கு: ஸ்டீராய்டு க்ரீம். அதைப் பல வாரமாகப் போட்டுவருகிறவர்கள் நிறுத்துவதற்கு முன் கீழே 'ரெண்டு நாள் விட்டால்' என்ற பகுதியைப் படித்துவிடுங்கள்.

கழுவித் துடைத்ததும் இழுக்கிறது

கழுவிய ஐந்தாவது நிமிஷம் கன்னம் காய்ந்த பப்படம் மாதிரி இழுத்துப் பிடித்தால் சந்தேகம் சோப்பு மேல் போக வேண்டும். முகத்தோல் லேசான அமிலத் தன்மை உள்ளது, பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7 நடு) 5ஐ ஒட்டி. குளியல் சோப்பு காரம், 9, 10. 'சும்மா க்ளீன்னு இருக்கு' என்று நாம் மெச்சிக்கொள்ளும் அந்தக் கிரீச்சிடும் சுத்தம் சாந்து போய்விட்டதன் சத்தம். சோப்பு அவசியம் வேண்டும் என்கிறவர்களுக்கு சிண்டெட் பார் என்று ஒரு வகை இருக்கிறது. பார்க்க சோப்பு மாதிரி, குணம் வேறு.

சோப்பை மாற்றியும் இழுத்தால் தண்ணீரைப் பாருங்கள். பக்கெட்டின் உள்ளே வெள்ளையாகப் படிகிறதா? குழாய் மூடியில் சுண்ணாம்பு கட்டியிருக்கிறதா? அப்படிப்பட்ட போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகி முகத்திலேயே தங்கிவிடும். கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி: ஒரு வாரம் முகத்தைக் கடைசியாக அலசுவதற்கு மட்டும் ஒரு சொம்பு கேன் தண்ணீர். வித்தியாசம் தெரிந்தால் குற்றவாளி கிடைத்தாச்சு. சென்னையில் வேலை கிடைத்துப் போன பிள்ளைகள் 'ஊர்ல நல்லா இருந்துச்சு' என்று சொன்னால் நான் முதலில் கேட்பது விடுதியின் தண்ணீரைப் பற்றித்தான்.

துவாலையால் தேய்த்துத் துடைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். ஒற்றி எடுங்கள்.

எதைப் போட்டாலும் சுள்ளென்கிறது, தோல் மினுமினுக்கிறது

போன மாதம் ஒரு கல்லூரிப் பையன் ஐந்து பாட்டிலைக் கவுன்ட்டரில் வரிசையாக வைத்தான். காலையில் வைட்டமின் சி, அப்புறம் 10 சதவீத நியாசினமைடு, ராத்திரி சாலிசிலிக் ஆசிட், அதன் மேல் கிளைக்காலிக், வாரத்தில் மூன்று நாள் ரெட்டினால். ஒவ்வொன்றும் நல்ல பொருள்தான், தனியாக. முகம் மெழுகு தடவின மாதிரி பளபளத்தது, மூக்கோரம் உரிந்திருந்தது. அந்தப் பளபளப்பை அவன் 'க்ளோ' என்று நினைத்துக்கொண்டிருந்தான். அது சுவர் இடிந்த முகத்தின் மினுக்கம்.

ஐந்தையும் 4 வாரம் மூடி வைக்கச் சொன்னேன். முகம் சரியான பிறகு ஒன்றே ஒன்றைத் திறக்கலாம்.

டாக்டர் பருவுக்கு அடாபலின், ட்ரெட்டினாயின் எழுதிக் கொடுத்து அதனால் காய்ந்து உரிகிறது என்றால் கதை வேறு. முதல் 2 முதல் 4 வாரத்தில் அது எதிர்பார்த்ததுதான். பாதிப் பேர் அங்கேதான் பயந்து விட்டுவிடுகிறார்கள். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு போதும். ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். ஈர முகத்தில் எரிச்சல் கூடும். முதலில் மாய்ஸ்சரைசர், நடுவில் மருந்து, மேலே மறுபடி மாய்ஸ்சரைசர் என்று போட்டால் தாங்கும். அப்படியும் முடியவில்லையா, ஒருநாள் விட்டு ஒருநாள். கண்ணோரம், மூக்கு மடிப்பு, வாய்க்கடை மூன்றையும் விட்டுவிட வேண்டும். கர்ப்பமாக இருக்கிறவர்களும் அதற்குத் தயாராகிறவர்களும் இந்த மருந்துகளைப் போடக் கூடாது. இதைப் போட்டுக்கொண்டே பார்லரில் வேக்ஸிங் செய்தால் முடியோடு தோலும் வரும். ஒரு வாரமாவது முன்னாலேயே நிறுத்த வேண்டும். பென்சாயில் பெராக்சைடு என்ற பரு மருந்து என்றால் தலையணை உறை வெளுத்துப்போகும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுப்படிச் சாமான் போட்ட பிறகு

இதில் எனக்கே அனுபவம் உண்டு. நாத்தனார் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் எலுமிச்சையைச் சர்க்கரையில் தொட்டு முகம் முழுக்கத் தேய்த்தேன். கழுவினேனா என்றால் பாதி கழுவினேன். அப்புறம் பத்திரிகை வைக்க மத்தியான வெயிலில் ஸ்கூட்டியில் போனேன். ராத்திரி எரிச்சல், மறுநாள் தாடையோரம் சாறு வழிந்த தடத்திலேயே சிவப்புக் கோடு. அது பழுப்பாகி மறைய நாலு மாதம் ஆயிற்று. கல்யாண ஆல்பத்தில் இன்னும் இருக்கிறது.

எலுமிச்சையில் இரண்டு ஆபத்து. சாறு கடும் அமிலம், பி.எச். 2க்குப் பக்கம். போதாததற்கு எலுமிச்சை வகைப் பழங்களில், முக்கியமாகத் தோலில், ஃப்யூரோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. வெயில் பட்டால் அது தோலைச் சுட்டுவிடும். இயற்கைப் பொருள் என்பதால் சுடாமல் இருக்காது.

சமையல் சோடா எதிர்ப்பக்கம், காரம். பற்பசையைப் பருவில் வைப்பவர்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். பரு காய்வதைவிடச் சுற்றியுள்ள தோல் பொசுங்குவதுதான் அதிகம். தயிர் நல்ல தோலில் ஒன்றும் செய்யாது, வெடித்த தோலில் அதன் அமிலம் எரியும். முல்தானி மண் ஏற்கெனவே வறண்ட முகத்தை இன்னும் உறிஞ்சும். கற்றாழை குளிர்ச்சிதான், ஆனால் மடலை வெட்டியதும் பச்சைத் தோலை ஒட்டி வடியும் மஞ்சள் பால் அரிக்கும். மடலைச் சாய்த்து வைத்து அது முழுக்க வடிந்த பிறகு, கழுவி, நடுவில் உள்ள கண்ணாடிச் சோற்றை மட்டும் எடுக்க வேண்டும். எரிகிற முகத்துக்கு அடுப்படியிலிருந்து நான் தயங்காமல் சொல்வது ஒன்றுதான்: நைசாக அரைத்த ஓட்ஸ். தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, அந்தப் பால் மாதிரி நீரை ஒற்றி எடுக்கலாம். கோதுமை, ஓட்ஸ் ஒவ்வாதவர்களுக்கு வேண்டாம்.

ரெண்டு நாள் விட்டால் சிவக்கிறது, போட்டால் அடங்குகிறது

மற்றதையெல்லாம் சேர்த்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது.

பத்து நாளில் கல்யாணம் வைத்திருந்த ஒரு பெண் வந்தாள். டியூபை அடியிலிருந்து கழுத்துவரை பற்பசை மாதிரி சுருட்டி வைத்திருந்தாள். "அக்கா, இதே டியூப் இன்னொண்ணு." எத்தனை நாளாகப் போடுகிறாய் என்றேன். ஒன்றரை வருஷம். பார்லரில் யாரோ சொன்னது. "போட்டா நல்லா வெள்ளையா இருக்கும்க்கா, ரெண்டு நாள் விட்டா மூஞ்சி தீயா எரியுது, அதான்." ட்யூப் லைட் வெளிச்சத்தில் அவள் கன்னத்தில் நூல் நூலாக ரத்தக் குழாய் தெரிந்தது. தாடையில் மெல்லிய பூனைமுடி, அதற்கு நடுவே பரு.

டியூபின் பெயர் எதுவாக இருந்தாலும் உள்ளே இருப்பது அநேகமாக மூன்று மருந்துக் கலவை: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு. 1975இல் க்ளிக்மன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் மங்குக்காக (முகத்தில் வரும் பழுப்புத் திட்டு) வகுத்த கலவையின் வழிவந்தது. டாக்டர் பார்வையில் சில வாரம் போடுவதற்கான மருந்து. நம் ஊரில் அதை மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் பவுடர் மாதிரி பூசுகிறார்கள். தோல் மெலிந்து, ஸ்டீராய்டு இல்லாமல் நிற்க முடியாத நிலைக்கு வந்துவிடுகிறது. இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கென்றே 'ஸ்டீராய்டால் கெட்ட முகம்' என்கிற பொருளில் ஒரு நோய்ப் பெயரே வைத்திருக்கிறார்கள். 2018இல் தடவும் ஸ்டீராய்டுகள் 14ஐ ஷெட்யூல் எச் பட்டியலில் அரசு கொண்டுவந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சட்டம் இருக்கிறது. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவள் என்கிற முறையில் சொல்கிறேன், சீட்டு கேட்காத கடைகளும் இருக்கின்றன.

உங்கள் டியூபில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. பொடி எழுத்தில் மருந்தின் பெயரைத் தேடுங்கள். பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று 'சோன்' வந்தாலோ, க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்று இருந்தாலோ ஸ்டீராய்டு. கீட்டோகொனசோல், க்ளோட்ரிமசோல் பூஞ்சைக்கானவை, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் இரண்டும் ஒரே டியூபில் கலந்து வரும், அதனால் முழுப் பட்டியலையும் படியுங்கள். படர்தாமரைக்கு வாங்கிய அந்தக் கலவையை முகத்தில் போட்டால் அரிப்பு இரண்டு நாளில் அடங்கும், பூஞ்சை வட்டம் கலைந்து அடையாளம் தெரியாமல் பரவும்.

எல்லா ஸ்டீராய்டும் விஷம் என்று சொல்லவில்லை. 1 சதவீத ஹைட்ரோகார்டிசோனை முகத்துக்குச் சில நாள் மட்டும் என்று டாக்டரே எழுதுவார். கேள்வி எது, எத்தனை நாள் என்பதுதான்.

வாரக்கணக்கில் போட்டுவிட்டீர்கள் என்றால் இன்றோடு தூக்கி எறியாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் சில நாளில் சிவப்பு, எரிச்சல், பரு எல்லாம் பழையதைவிட மோசமாகத் திரும்பி வரும். அது வாரக்கணக்கில் நிற்கும். பயந்துபோய் மறுபடி அதே டியூபுக்கு ஓடுவார்கள். தோல் டாக்டர் வீரியம் குறைந்ததற்கு மாற்றிப் படிப்படியாக இறக்குவார், அல்லது டாக்ரோலிமஸ் மாதிரி ஸ்டீராய்டு இல்லாத மருந்து தருவார். டாக்ரோலிமஸ் முதல் சில நாள் சூடாக எரியும். அதைச் சொல்லாமல் கொடுத்தால் ஆள் இரண்டாம் நாளே விட்டுவிடுவார்.

உதட்டு ஓரத்தில் மெல்லிய வளையம் மட்டும் விட்டு, வாயைச் சுற்றிப் பொடிப்பொடியாகச் சிவந்த பொரி வந்தாலும் இதே ஸ்டீராய்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து வாயைச் சுற்றிப் படுவதாலும் வரும். உறிஞ்சிய பிறகு வாயைக் கொப்பளித்து முகத்தையும் கழுவுங்கள்.

பெயர், முகவரி, உள்ளடக்கம் எதுவும் இல்லாத வெளுப்பு க்ரீம் டப்பாக்கள் இன்னொரு ஜாதி. அவற்றில் பாதரசம் இருக்கலாம். 2023இல் கேரளத்தின் மலப்புறம் பக்கம் சிறுநீரில் புரதம் கசிந்து சிறுநீரக நோயோடு வந்த பலரிடம் பொதுவாக இருந்தது இப்படிப்பட்ட வெளுப்பு க்ரீம்தான். அதைப் போடுகிறவர்களுக்குக் கால் வீங்கினாலோ சிறுநீர் நுரைத்தாலோ தோல் டாக்டர் மட்டும் போதாது.

அந்தப் பெண்ணுக்கு நான் டியூப் தரவில்லை. தோல் டாக்டரிடம் அனுப்பினேன். கல்யாணத்தில் அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து மாமியாருக்கு சுகர் மாத்திரை வாங்க வந்தபோது சிவப்பு பாதிக்கு மேல் வடிந்திருந்தது.

மூக்கோரம், புருவம், காதுப் பின்புறம்: எண்ணெய்ப்பசை செதில்

வறட்சி என்று நினைத்து எண்ணெய் வைப்பார்கள். மஞ்சளாக, பிசுபிசுப்பாகச் செதில் உதிர்ந்து, தலையில் பொடுகும் இருந்தால் அது வறட்சி அல்ல, செபோரிக் டெர்மடைடிஸ். தோலிலேயே குடியிருக்கும் மலசேசியா என்ற பூஞ்சைக்கும் அதற்கும் தொடர்பு. அந்தப் பூஞ்சைக்குக் கொழுப்புதான் தீனி. எண்ணெய் தடவினால் செதில் ஊறி உதிரும், 'குணமாச்சு' என்று தோன்றும், ஒரு வாரத்தில் திரும்ப வரும். 2 சதவீத கீட்டோகொனசோல் ஷாம்பூவைத் தலையில் போட்டு 5 நிமிஷம் வைத்து அலசும்போது நுரையைப் புருவத்திலும் மூக்கோரத்திலும் கண்ணில் படாமல் சிறிது நேரம் விடலாம். வாரம் இரண்டு முறை, நாலு வாரம். இது முழுக்கப் போகிற நோய் இல்லை. தூக்கம் கெட்டால், பரீட்சை வந்தால் எட்டிப் பார்க்கும்.

நெற்றியில் ஒரே அளவில், கடுகு தூவின மாதிரி, அரிப்போடு பொரி வந்தால் அதையும் பரு என்று நினைக்காதீர்கள். சித்திரை வெயிலில் வந்தால் வியர்க்குருவாக இருக்கலாம். காற்றும் குளிர்ந்த தண்ணீரும் போதும். போகாமல் நின்றால், அதுவும் எண்ணெய் வைத்த தலையோடு தூங்குகிறவர்களுக்கு நின்றால், மயிர்க்காலில் பூஞ்சை. டாக்டர் பார்த்தால் உடனே சொல்லிவிடுவார்.

இமை வீங்குகிறது, காதும் கழுத்தும் அரிக்கிறது

என் மாமா ஒரு காதுகுத்துக்காக மீசைக்கு மட்டும் டை அடித்துக்கொண்டார். இரண்டாம் நாள் மேலுதடு தேன்குளவி கொட்டின மாதிரி உப்பி, மீசையடியில் நீர் கசிந்தது. பி.பி.டி. என்ற சாயப் பொருள்தான் பெரும்பாலும் காரணம். இருபது வருஷமாக அடிக்கிறேன், இதுவரை ஒன்றும் செய்யவில்லையே என்றார். ஒவ்வாமைக்கு அது கணக்கில்லை. எந்தத் தடவை வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம், ஆரம்பித்தால் பின்வாங்காது. தலைக்கு அடித்தால் தலைத்தோல் தப்பித்து, மெல்லிய இமையும் காதும் வீங்கும். கறுப்பு மருதாணி என்று விற்பதிலும் இதே சாயம் இருக்கலாம். கண் மூடுகிற அளவுக்கு வீக்கம் என்றால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

இமை மட்டும் அரித்தால் கையைப் பாருங்கள். நகப்பூச்சின் ஒவ்வாமை விரலில் தெரியாது, விரல் அடிக்கடி தொடும் இமையில் தெரியும். ஸ்டிக்கர் பொட்டு வைத்த இடம் வட்டமாக அரித்தால் விளக்கமே தேவையில்லை. ஆனால் தொடர்ந்து ஒட்டினால் பசையிலுள்ள ரசாயனத்தால் அந்த இடம் வெள்ளைப் புள்ளியாகவே நின்றுவிடலாம். அரிப்பு தொடங்கிய அன்றே நிறுத்துங்கள்.

வயல் வேலைக்குப் போகிறவர்களுக்கு இமை, கழுத்து மடிப்பு, முழங்கை மடிப்பு என்று தடித்துக் கறுத்து அரித்தால் நான் பார்த்தீனியம் பக்கம் போகிறீர்களா என்று கேட்பேன். 1950களில் புனே பக்கம் கண்ணில் பட்டு, இன்று நாடு முழுக்க ரோட்டோரத்தில் வெள்ளைப் பூவோடு நிற்கிற செடி. அதன் தூள் காற்றில் வருகிறது. வெயில் ஒவ்வாமையிலிருந்து பிரித்தறிய ஒரு குறி: மேல் இமை, காதுக்குப் பின்னால், தாடைக்குக் கீழே, இந்த நிழலான இடங்களை வெயில் விட்டுவிடும். காற்றில் வருகிற தூள் விடாது.

காலையில் எழுந்தால் கோடாகச் சுட்ட புண். அல்லது ஒரு பக்கம் மட்டும் கொப்புளம்

மழைக்காலத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். முதலாவது பூச்சி. எறும்பு மாதிரி நீளமாக, கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி உடம்பு. டியூப் லைட்டுக்கு வரும். அது கடிப்பதில்லை. முகத்தில் ஊறும்போது நாம் நசுக்கித் தேய்க்கிறோம், உடம்பிலுள்ள நஞ்சு தேய்த்த வழியெல்லாம் பூசிக்கொள்கிறது. அப்போது ஒன்றும் தெரியாது. ஒருநாள் கழித்து எரியும், கோடாகக் கொப்பளிக்கும். ஊறினால் ஊதித் தள்ளுங்கள். நசுக்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கையையும் சேர்த்து.

இரண்டாவது அக்கி. கொப்புளத்துக்கு முன்னாலேயே இரண்டு மூன்று நாள் அந்தப் பக்கம் மட்டும் குத்தி வலிக்கும். முகத்தின் நடுக்கோட்டைத் தாண்டாது. எங்கள் ஊரில் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டு வருவார்கள். உடம்பில் வந்த அக்கி தானாகவே இரண்டு மூன்று வாரத்தில் ஆறுகிற ஒன்றுதான், எழுதினாலும் எழுதாவிட்டாலும். எழுதுகிறவரிடம் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நெற்றியில், கண்ணோரத்தில், முக்கியமாக மூக்கு நுனியில் கொப்புளம் வந்தால் கண்ணுக்கு ஆபத்து. வைரஸை அடக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். முதலில் கண் டாக்டர்.

சவரம் செய்த இடம்

குளித்து முடித்து முடி மெத்தென்று இருக்கும்போது, முடி போகிற திசையில், ஒரே இழுப்பு. எரிகிற முகத்தில் படிகாரமும் ஆல்கஹால் லோஷனும் 'சுர்' என்று பிடித்தால் கிருமி சாகிறது என்று ஒரு நம்பிக்கை, மாய்ஸ்சரைசர் போதும். முடி உள்ளே சுருண்டு முள்ளாகக் குத்துகிறவர்கள் ஒட்டச் சிரைக்காமல் ட்ரிம்மரோடு நின்றுகொள்ளுங்கள்.

எரிச்சல் போய்விட்டது, கறுப்பு நிற்கிறது

நம் நிறத் தோலில் சிவப்பு அடங்கினால் பழுப்பு வரும். அந்தக் கறுப்பை எடுக்கத்தான் மறுபடி ஆசிடும் வெளுப்பு க்ரீமும் வாங்கி, மறுபடி எரிந்து, மறுபடி கறுப்பார்கள். மாதக்கணக்கில் அது தானாக மங்கும். சன்ஸ்க்ரீனை விடாமல் போடுங்கள். அயர்ன் ஆக்சைடு சேர்த்துத் தோல் நிறத்தில் வருவது கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும், வெள்ளையாகவும் தெரியாது.

மறுபடி ஆரம்பிப்பது

இரண்டு வாரம் எரிச்சலே இல்லாமல் போன பிறகு ஒரு பொருளை எடுங்கள். முழங்கையின் உள்மடிப்பில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம். ஒவ்வாமை அன்றைக்கே தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அதனால்தான் ஒரு வாரம். ஒன்றும் வராவிட்டால் தாடையோரம் மூன்று நாள், அப்புறம் முகம். அடுத்த பொருளுக்கு இன்னும் 2 வாரம். டியூபின் மேல் மார்க்கரால் ஆரம்பித்த தேதியை எழுதிவிடுங்கள், ஞாபகத்தை நம்ப வேண்டாம்.

நாலு வாரத்திலும் அடங்கவில்லை, அல்லது எது ஒவ்வவில்லை என்று பிடிபடவில்லை என்றால் தோல் டாக்டர் முதுகில் பேட்ச் டெஸ்ட் (சந்தேகப்படும் பொருள்களைச் சின்னச் சின்னதாக ஒட்டி எது ஒவ்வவில்லை என்று பார்ப்பது) செய்து பார்ப்பார். இரண்டு நாள் முதுகை நனைக்கக் கூடாது. போகும்போது முகத்தில் படுகிற எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்: க்ரீம், சோப்பு, ஷாம்பூ, டை, கண்மை, பொட்டு அட்டை, தலைக்கு வைக்கிற எண்ணெய். 'ஏதோ ஒரு வெள்ளை டியூப்' என்று சொன்னால் அவருக்கும் ஒன்றும் புரியாது, எனக்கும் புரியாது. காலி டியூபாக இருந்தாலும் பரவாயில்லை, பெயர் இருக்கிற பக்கம் கிழியாமல் இருந்தால் போதும்.